கம்ப்யூட்டருக்குக் கோபம் வருகிறது

ஏப்ரல் 20, 1998, திங்கள்

இன்றும் நான்தான் கம்ப்யூட்டர்.

பெரிய லீவு விட்டாயிற்று. காலையிலேயே முன்னறை நிறைந்துவிட்டது. அம்மா விடியுமுன் றால் உரிக்கிற கம்பெனி பஸ்ஸில் போய்விட்டாள். நான் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, சாளை மீனைக் கழுவி உப்புப் போட்டு மூடிவிட்டு உள்ளறைக்குள் வந்து உட்கார்ந்தேன். நடுவாசலில் அம்மாவின் பழைய மெல்லிய வாயல் சேலை திரையாகத் தொங்குகிறது. உள்ளே இருட்டு, வெளியே டிவி வெளிச்சம். எனக்கு எல்லாம் தெரியும். பையன்கள் எனக்கு முதுகைக் காட்டி டிவியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். திரும்பினாலும் அவர்களுக்குச் சேலைப் பூதான் தெரியும்.

இந்த டிவி கேமை அப்பா உயிரோடு இருந்தபோது, மாலத்தீவுக்குத் தோணியில் போய்வந்த சமயம் கொண்டுவந்தார். கூட வந்த கேசட்டுகளில் ஒன்று நீல நிறம், மேலே ஜப்பான் எழுத்து. அதில் இருப்பது பேஸ்பால். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் அமெரிக்காக் கிரிக்கெட்.

அண்ணன் கிளாட்சன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், இதை அரை மணிக்கு இவ்வளவு என்று ஆடவிடுகிறான். ஒரு ஜாய்ஸ்டிக் பையன்கள் கையில் இருக்கும். இன்னொன்று ரிப்பேர் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். அது ரிப்பேர் இல்லை. அதன் வயரை வெட்டி, நீட்டி, ஈயப் பற்று வைத்து, பாய்க்கு அடியில் விட்டு என் மடிக்குக் கொண்டுவந்திருக்கிறான். அவன் மூன்று வருடம் படித்த எலெக்ட்ரானிக்ஸில் இந்த வீட்டுக்குக் கிடைத்தது அந்த நீட்டிய வயர் மட்டும்தான்.

"கம்ப்யூட்டர ஜெயிச்சவனுக்கு அடுத்த அரை மணி ஃப்ரீல" என்று வாசலில் நின்று கூவுகிறான். யாரும் ஜெயிப்பதில்லை. வெளியே போகும்போது எல்லாரும் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஏப்ரல் 22, புதன்

இவர்களுக்கு பேஸ்பால் தெரியாது. கிரிக்கெட்டைத்தான் இதற்குள் போட்டு ஆடுகிறார்கள். பந்து மட்டையில் பட்டுப் பின்னால் பறந்தால் "ஃபோரு, ஃபோரு" என்று குதிக்கிறார்கள். அது செல்லாத அடி. அதைவிடப் பெரிய முட்டாள்தனம், வருகிற பந்தையெல்லாம் அடிப்பது. தெருவில் ஆடும்போது எவனாவது பந்தை விட்டுவிட்டால், "என்னல, பூசையா வைக்க?" என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து இங்கேயும் காலுக்கு வெளியே போகிற பந்துக்கும் மட்டையைச் சுற்றுகிறார்கள்.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மழைக்காலத்தில் மத்தியானம் ஆள் வராதபோது தனியாக உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். நாலு பந்து அடிக்கிறவனுக்கு எட்டுகிற கட்டத்துக்கு வெளியே போய், அவன் அசையாமல் நின்றுவிட்டால், கேமே அவனை ரன்னுக்குச் சுற்ற வேண்டிய மூலைகளில் முதல் மூலைக்கு நடத்திக் கூட்டிப் போகிறது. ஓட வேண்டாம், அடிக்க வேண்டாம். கட்டத்துக்குள் வருவதை மூன்று முறை விட்டால்தான் அவுட்.

இது அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் தெரியாது. அதனால் நான் நேராகப் பந்து போடுவதே இல்லை. பந்து கிளம்பிய பிறகு பட்டனை அழுத்திப் பிடித்தால் வெளியே வளைந்து போகும். அவர்கள் வீசுவார்கள். அவுட். திட்டுவார்கள். மறுபடி வீசுவார்கள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். அம்மா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அம்மாவின் விரல் நுனியெல்லாம் ஐஸில் வெந்து வெளுத்திருக்கிறது.

ஏப்ரல் 29, புதன்

பள்ளிக்கூடத்தை விட்டதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. போன ஆகஸ்டில் அண்ணன் சொன்னான், "அம்மா கம்பெனிக்குப் போறா. வீட்டப் பாக்க ஆள் வேணுங்கா. நீ கொஞ்ச நாள் நில்லுட்டி." நின்றேன். அம்மா ராத்திரி களைத்து வந்து படுத்துவிட்டாள். நானாகப் போய்க் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. வகுப்பிலும் அப்படித்தான், பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவும் இல்லை.

என்னோடு படித்தவர்கள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்துவிட்டு ஒருவர்மேல் ஒருவர் இங்க் தெளித்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள். குப்பை கொட்டப் போனவள் பார்த்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை.

மே 2, சனி

ஆல்வின் என்று ஒருவன் வந்தான். மலைப் பக்கம் ஏதோ ஹாஸ்டலில் படிக்கிறானாம். லீவுக்கு வந்திருக்கிறான். உட்காரும்போதே, "இந்த டப்பாவா ஊர மிரட்டுது?" என்றான்.

பன்னிரண்டு ரன்னில் தோற்கடித்தேன்.

"அண்ணே, ஒங்க கம்ப்யூட்டரு போங்கு ஆடுது!"

"தோத்தா அப்படித்தாம்ல இருக்கும்" என்றான் அண்ணன்.

"பந்து போடத் தெரியாத கம்ப்யூட்டர இப்பதான் பாக்கேன். சனியன், ஒண்ணாவது நேரா போடுதா பாரு."

பாயைக் காலால் எத்திவிட்டுப் போனான். பாயைத் தட்டி விரித்தது யார்? நான்தான்.

மே 5, செவ்வாய்

ஆல்வின் தினமும் வருகிறான். இன்று மூன்றாவது ஆட்டத்தில், என்ன நினைத்தானோ, ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவன் "அடில, அடில" என்றான். "இருல, பாப்போம்."

நாலு பந்தையும் விட்டான். அவன் ஆள் முதல் மூலைக்கு நடந்து போனான். ஆல்வின் மெதுவாகச் சிரித்தான். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அது என்னுடையது. நான் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்ததை, இவன் கையைக் கட்டிக்கொண்டு எடுத்துக்கொண்டான்.

அடுத்தவனுக்கும் வெளியே போட்டேன். விட்டான். "இந்தச் சனியனுக்கு வெளிய மட்டுந்தான் போடத் தெரியும்" என்றான். உடனே வேகமாக நேராகப் போட்டேன். தவறு என்று போடும்போதே தெரியும். அவன் ஜாய்ஸ்டிக்கைப் பாய்ந்து எடுத்து அடித்தான். பந்து டிவிக்குள் தெரிகிற கூட்டத்தில் போய் விழுந்தது.

அவன் கத்தவில்லை. யோசித்தான். பிறகு சொன்னான்:

"அண்ணே, நான் திட்டுன பொறவுதான் நேரா போடுது. ஒங்க கம்ப்யூட்டருக்குக் கோவம் வருது."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

மே 6, புதன்

அண்ணன் சமையல்கட்டுக்கு வந்தான். "கம்ப்யூட்டர்னா கோவப்படக் கூடாதுட்டி. பேசாம ஆடு. மாட்டிவிட்றாத."

நான் எப்போது பேசினேன்?

மே 9, சனி

பெட்டியைத் திறந்து யூனிஃபார்ம் பாவாடையை எடுத்தேன். பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அரிக்கவில்லை. உயரம் குறைந்துவிட்டது. கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தேன். மடிப்புக்குள் தூசி அடையும், அதனால்.

மே 12, செவ்வாய்

அண்ணனிடம் கேட்டேன். சோறு போட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "ஜூன்ல ஸ்கூல் தொறக்குல்லா. நான் போவட்டா?"

"போலாம் போலாம். அம்மாட்ட கேட்டுச் சொல்லுதேன். இந்த லீவு நல்லபடியா ஓடட்டும். இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

இரண்டு கரண்டி ஊற்றினேன்.

மே 16, சனி

இதை இன்று எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

சாயங்காலம் பின்பக்கம் அம்மாவின் கம்பெனிச் சேலையை அலசிக்கொண்டிருந்தேன். றால் வாடை ஒரு தண்ணீரில் போகாது. அம்மாவும் அண்ணனும் சமையல்கட்டில் இருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது.

அம்மா கேட்டாள், "ஸ்கூலு தொறக்கப் போவுதே, அவட்ட கேட்டியால?"

"கேட்டேம்மா. மாட்டேங்கா."

"இந்த வருசமுமா?"

"வீட்லயே நிக்கேங்கா. நான் என்ன செய்ய? புடிச்சுத் தள்ளவா முடியும்?"

"கொழுப்பு. நான் ஐஸுக்குள்ள கைய விட்டுட்டுக் கெடக்கேன், இவளுக்குப் படிக்கக் கசக்கு. போன வருசமும் இப்படித்தான். ஒரு வார்த்த எங்கிட்ட வந்து சொல்லல. சொல்லி அனுப்புதா, மகாராணி."

போன வருடமும்.

சேலை கையில் இருந்தது. தண்ணீர் காலில் ஊற்றியது. நாலு எட்டு வைத்தால் சமையல்கட்டு. போய், "பொய் சொல்லுதான்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் எப்போதும்போலச் செத்துக் கிடந்தது. சேலையைப் பிழிந்து கொடியில் போட்டேன். நன்றாக உதறிக்கூடப் போட்டேன்.

அவன்மேல் கோபமா என்மேல் கோபமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மே 17, ஞாயிறு

பூசையில் அம்மா எனக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுப் பாடினான்.

மே 19, செவ்வாய்

வாசலில் சிலேட்டு மாட்டியிருக்கிறான். வருகிற ஞாயிறு போட்டி. கம்ப்யூட்டரை ஜெயிக்கிறவனுக்கு ஒரு மாதம் ஃப்ரீ. ஆல்வின் பெயர் கொடுத்திருக்கிறான்.

நான் யோசித்துவிட்டேன். கம்ப்யூட்டர் ஜெயிப்பதால்தான் கூட்டம். கூட்டம் வருவதால்தான் நான் வீட்டில் நிற்கிறேன். கம்ப்யூட்டர் தோற்றால், அதுவும் ஊரே பார்க்கத் தோற்றால், பிறகு யார் வருவார்கள்? கடை படுத்துவிடும். எனக்கு வேலை இருக்காது. தோற்றுவிடுகிறேன். ஆல்வினிடமே தோற்கிறேன். ஜெயிக்கத்தான் மூளை வேண்டும், தோற்க என்ன?

மே 24, ஞாயிறு

பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஜன்னல் கம்பியிலெல்லாம் தலை. அம்மாவுக்கு ஞாயிறும் கம்பெனியில் வேலை இருந்தது. பூசையிலிருந்தே போய்விட்டாள்.

மற்றவர்களை எப்போதும்போல முடித்தேன். கடைசியாக ஆல்வின். சொன்னபடி தோற்க ஆரம்பித்தேன். நேர்ப் பந்து, மெதுவான பந்து, அடிக்க வாட்டமான பந்து. அவன் அடித்துக்கொண்டே இருந்தான். ஆறு ரன் முன்னால் போய்விட்டான். கூட்டம் கூரையைப் பிய்த்தது. அண்ணன் தண்ணீர் குடிக்கிற மாதிரி திரைக்குள் வந்தான். "என்னட்டி செய்த? கண்ணு அவிஞ்சிட்டா?" என்று பல்லைக் கடித்தான். நான் டிவியைப் பார்த்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

வெளியே ஆல்வின் கொட்டாவி விட்டான். உண்மையான கொட்டாவி. "சே, இதுக்கா தெனம் வந்தேன்? ரிப்பேராயிட்டு போல, அண்ணே. கழட்டிக் கடல்ல போடுங்க." பிறகு பக்கத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த குட்டிப் பயலிடம் ஜாய்ஸ்டிக்கை நீட்டினான். "இந்தா, நீ ஆடு. இது யாரு ஆடுனாலும் தோக்கும்."

அந்தப் பயல் மூக்கைத் துடைத்த கையால் ஜாய்ஸ்டிக்கை வாங்கினான்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. என் விரல்தான் ஆடியது. பயல் ஆட்டிய ஆளை மூன்று பந்தில் அவுட்டாக்கினேன். அடுத்த ஆளையும் மூன்று பந்தில். ஆல்வின் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினான். அவன் கைகட்டி உட்கார்ந்தால் கட்டத்தின் ஓரத்தில் நுழைகிற மாதிரி வளைத்தேன். அவன் வீசினால் வெளியே எடுத்தேன். என் முறை வந்தபோது அவன் போட்டதில் பாதியை அடிக்கவே இல்லை, சும்மா நின்றேன். நடந்தே மூன்று மூலையும் நிரப்பினேன். இன்னும் ஒருவன் நடந்தால் சும்மாவே ஒரு ரன். அவனுக்கு வியர்த்துவிட்டது. வேறு வழியில்லாமல் நேராகப் போட்டான். அப்போது அடித்தேன்.

ஒன்பது ரன்னில் ஜெயித்தேன்.

கூட்டம் அண்ணனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனது. நான் சமையல்கட்டில் போய் நின்றேன். ஜெயித்துத் தொலைத்துவிட்டேன். தோற்கக்கூட எனக்குத் துப்பில்லை.

மே 27, புதன்

கூட்டம் இரண்டு மடங்கு. அண்ணன் எல்லாரிடமும், "நான்தாம்ல புரோகிராம் எழுதி உள்ள வச்சேன். ஜப்பான்காரனே வந்தாலும் தோப்பான்" என்கிறான். ஏதோ ஒரு பெரிய ஆள் வந்து அவன் கையைக் குலுக்கி, "டிப்ளமோ படிச்ச மூளை" என்றார். எனக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கித் தந்தான். வாங்கிக் கோழிக்குப் போட்டேன்.

மே 30, சனி

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

மத்தியானம் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. ஆல்வினும் சுவரில் சாய்ந்து நின்றான். நாளை ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறானாம். ஆடிக்கொண்டிருந்தவன் யாரோ புதிய பையன். நான் வெளியே போடப் போட, அவன் வீசிக்கொண்டே இருந்தான். அண்ணன் அவன் தலைக்குமேல் நின்று புரோகிராம் கதையை முதலிலிருந்து சொன்னான். "இதுக்குள்ள என் மூள இருக்குல" என்று டிவி கேமைத் தட்டினான்.

"அடிக்காத" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னேன்.

"அடிக்காத. விடு. நாலு பந்து விட்டா நடந்தே போலாம்."

ஆடின பையன் கையை எடுத்துவிட்டான். அண்ணன் பாய்ந்து டிவி சத்தத்தைக் கூட்டினான். நானும் கூட்டினேன்.

"பின்னால போனா ஃபோரு இல்ல, அது செல்லாது. பந்து கெளம்புன பொறவு வளையும், பாத்துட்டு அடி. வெளிய போறத அடிச்சா நீதான் அவுட்டு. எல்லாரும் அப்படித்தான் தோத்திய. புரோகிராம்லாம் ஒண்ணும் கெடையாது. ரெண்டாவது ஜாய்ஸ்டிக்கு ரிப்பேரும் கெடையாது. பாயத் தூக்கிப் பாருங்க."

ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கடைசியில் குரல் கிழிந்துவிட்டது. பரவாயில்லை.

ஆல்வின்தான் பாயைத் தூக்கினான். வயரைப் பார்த்தான். அது போகிற வழியைப் பார்த்தான். திரையைத் தொடவில்லை. அதன் எதிரில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டான்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் யார்ட்ட தோத்தேன்?"

"எங்கிட்ட."

பின்னாலிருந்து ஒருவன், "ஏல, பொட்டப்புள்ளட்டயா தோத்த?" என்று இளித்தான். "நீயுந்தாம்ல தோத்த, வாய மூடு" என்றான் ஆல்வின். அதற்காக அவனை எனக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாயை எத்தியவன் அவன்.

அண்ணன் வயரைப் பிடித்து இழுத்தான். ஈயம் வைத்த இடத்தில் அறுந்தது. எல்லாரையும் வெளியே துரத்தினான். திரைக்குள் வந்து கையை ஓங்கினான். நான் அசையாமல் நின்று அவன் முகத்தையே பார்த்தேன். கை அப்படியே கீழே இறங்கியது.

அம்மா பஸ்ஸைவிட்டு இறங்குமுன் தெருவே அவளுக்குச் சொல்லியிருந்தது. அண்ணன் முந்திக்கொண்டான். "கடையக் கெடுத்துட்டாம்மா. நாலு பேரு முன்னால மானத்த வாங்கிட்டா."

அம்மா பையைக் கீழே வைத்தாள். "படிப்பும் வேண்டாங்குத, கடையும் வேண்டாங்குத. என்னதாம்ட்டி வேணும் ஒனக்கு?"

"படிப்பு வேண்டாம்னு நான் எப்ப சொன்னேன்?"

"போன ஆகஸ்ட்ல யாரு சொன்னா? அண்ணன்ட்டச் சொல்லிவிட்டது நீதான?"

"நீ நிக்கச் சொன்னன்னு அவந்தான் சொன்னான். எங்கிட்ட நீ கேட்டியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ எங்கிட்ட கேட்டியா?" என்றாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

"கொஞ்ச நாளைக்குன்னுதான் நெனச்சேன்" என்றான். "வேல கெடைக்கற வரைக்கும். ஒங்கிட்ட கேட்டா நீ விடமாட்டேல்லா."

அம்மா அவனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். கை கால் கழுவக்கூட இல்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வருசம் எம் பிள்ளகூடப் பேசாம இருந்திருக்கேனடா, பாவி" என்றாள்.

நான் அழவில்லை. அழுதால் கோபம் போய்விடும்.

மே 31, ஞாயிறு

பூசைக்கு அண்ணன் வரவில்லை. திரும்பி வரும்போது அம்மா, "நாளைக்கு நான் கம்பெனிக்குப் போவல. ஸ்கூல்ல சிஸ்டரப் பாக்கப் போவோம்" என்றாள். பிறகு, "பாவாட எறக்கம் பத்துமா?" என்று கேட்டாள்.

"எறக்கிட்டேன்."

"எப்ப?"



ஜூன் 1, திங்கள்

ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேரு?"

சொன்னேன்.

"கேக்கல."

"பவுலின், சிஸ்டர்."

"ஏன் நின்ன?"

அம்மா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "வீட்ல நிறுத்திட்டாங்க. நான் நிக்கணும்னு சொல்லல."

"சின்னப் பிள்ளைங்களோட உக்காரணும். முதல்லேருந்து படிக்கணும். முடியுமா?"

"முடியும்."

நாளையிலிருந்து வரச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் விரல் சொரசொரவென்று இருந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விடவில்லை. ஆனால் பஸ் ஸ்டாப் வரை நான் ஒன்றும் பேசவில்லை. ஒரு வருடத்தை ஒரு காலையில் பேசித் தீர்க்க முடியாது.

வீட்டில் ஈயப் புகை. அண்ணன் அறுந்த வயரைக் குட்டையாக்கி மறுபடி பற்றவைத்திருந்தான். இரண்டு பையன்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரோடொருவர் ஆடினார்கள். ஒருவன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். கூட்டம் இல்லை. நான் அவர்களைத் தாண்டி முன்னறை வழியாகவே உள்ளே போனேன்.

நாங்கள் இல்லாததால் இன்று அண்ணன்தான் சமைத்திருந்தான். அம்மா சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறாள் போல. மூவரும் உட்கார்ந்தோம். அவன் பரிமாறினான். என் தட்டில் வைக்கும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, அம்மாவைக் கேட்பதுபோல, "எப்படி இருக்கு?" என்றான்.

அம்மா சோற்றைப் பிசைந்தாள்.

"சோறு கொழஞ்சிட்டு. கொழம்புல உப்பு இல்ல" என்றேன். முன்னறையில் இருந்த பையன்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.